திறக்காத வலக்கை

அன்புள்ள அண்ணைக்கு,

இந்த நடுச்சாமத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல். நெற்றியில் கை வைக்கிறேன், எடுக்கிறேன், மறுபடி வைக்கிறேன். அவளுடைய நெற்றி சுடுகிறதா, என் கைதான் சுடுகிறதா என்று தெரியவில்லை. விளக்கில் எண்ணெயும் குறைவு. ஆனாலும் விடியட்டும் என்று விட்டால் எழுத மாட்டேன். பதின்மூன்று வருடமாக அப்படித்தான் விட்டேன்.

என் முன்னால் ஒரு சிகரெட் டின் இருக்கிறது. மூடியைத் திறந்தால் துருவும் பழைய புகையிலையும் மணக்கிறது. உள்ளே கறுப்பு நூல் சுற்றிய கடதாசிப் பொட்டலம் ஒன்று. மடிப்பெல்லாம் இற்றுப்போய், ஒரு பக்கம் முழுக்கத் தவிட்டு நிறக் கறை. கறை உங்கள் இரத்தம். கடதாசி என் கல்லூரிக் கொப்பியில் கிழித்த தாள். நூல் என் தையல் வகுப்பு நூல்.

போன புதன்கிழமை உங்கள் நண்பர் இதைக் கொண்டுவந்தார். மலாயாவில் உங்களோடு ஒரே அணியில் விளையாடியவர், நீங்கள் நடுவிலிருந்து தட்டிவிடும் பந்தை வாங்கி வலது பக்கத்தால் ஓடியவர். இப்போது வாசற்படி ஏற வேலியைப் பிடிக்கிறார். "தங்கச்சியின்ரை கையிலை மட்டும் குடு எண்டவர், பிள்ளை," என்று டின்னைத் தந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் குடித்தார். விரல்களில் ஏழில் நகம் இல்லை.

அம்மா டின்னைப் பார்த்தார். எழும்பி உள்ளே போய்விட்டார். ஆள் வராமல் சாமான் வந்தால் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான் என்று நினைத்துவிட்டார். சண்டை முடிந்த நாளிலிருந்து எவ்வளவோ பேர் சொல்லியும் மாட்டேன் என்று நின்றவர், அன்று மாமாவிடம் தலையாட்டிவிட்டார். வருகிற ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் ஐயாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லப் போகிறார்கள். இறந்தவர் என்று. இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

அதற்கு முன் நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

நீங்கள் பந்தடிக்கப் பழகியது மைதானத்தில் அல்ல, எங்கள் தோட்டக் கிணற்றுத் துலாவில், தண்ணீர் இறைக்கும் அந்த நீள மரத்தில். விடியப்புறம் ஐயா கீழே தண்ணீர்ப் பட்டை பிடிக்க, நீங்கள் துலாவின் மேலே முன்னும் பின்னுமாக நடப்பீர்கள். ஒரு கை கயிற்றில். கண் கீழே வாய்க்காலில் அல்ல, தூரத்தில் எங்கேயோ. பிறகு மைதானத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கத்தாலும் வந்து இடித்தாலும் நீங்கள் விழாமல் நின்றது அந்த நடையால்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் பந்தைப் பார்த்து ஓடுவார்கள். நீங்கள் ஆட்களைப் பார்த்து நிற்பீர்கள்.

"நடுவிலை நிக்கிறவனுக்கு ரெண்டு பக்கத்தாலையும் இடி," என்று ஒருநாள் காலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"பேந்து ஏன் அங்கை நிக்கிறியள்?"

"அங்கையிருந்துதான் எல்லாரையும் பார்க்கலாம், பிள்ளை."

வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் முறை அன்று நீங்கள் பந்தடிக்கப் போய்விட்டால், திரும்பி வரும்போது ஐயா வாசல் படலையில் நிற்பார். கையில் பனங்கருக்கு மட்டை. அதன் ஓரம் வாள் பல்லுப்போல இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல் அடியிலேயே சட்டை கிழியும், இரண்டாவதில் முதுகு. நீங்கள் ஓட மாட்டீர்கள். குந்தி, இரண்டு கையாலும் கால்களைக் கட்டிப்பிடித்து மறைத்துக்கொண்டு முதுகைக் கொடுப்பீர்கள்.

"பந்து உனக்குச் சோறு போடுமோடா?"

"போடும், ஐயா."

அதற்கு இன்னும் ஒரு அடி விழும். அம்மா மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சிப் பூசும்போது, "ஒரு நாளைக்கு எண்டாலும் இல்லை எண்டு சொல்லன், மோனை," என்று அழுவார். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தத் தழும்புகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். பின்னேரம் பின்னேரம் நான்தான் தொட்டு எண்ணிச் சொல்வேன்.

உங்களுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினாலு. அந்த வருடப் போட்டி. அதற்கு முந்திய வருடம் அதே அயலூர் அணியோடு விளையாடியபோது உங்கள் பக்கத்தில் நின்றவருடைய கால் முறிந்ததை நான் மைதான ஓரத்துக் கூடார வண்டிலில் இருந்து கேட்டேன். பார்த்தேன் என்று சொல்லவில்லை, கேட்டேன். காய்ந்த மட்டையை முழங்காலில் வைத்து முறிக்கும் சத்தம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து வெள்ளையாக நின்றது. அவர் பிறகு நேராக நடக்கவில்லை. இந்த முறை நடு ஆளின் காலை முறிப்போம் என்று அயலூர்ச் சந்தையில் சவால் விட்டார்கள் என்று அம்மா கிணற்றடியில் கேட்டு வந்து சொன்னார். நடு ஆள் நீங்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

புகையிலைக் கன்று நடும்போது அம்மா தோட்டத்து மூலையில் விபூதி முடிந்து மண்ணுக்குள் தாட்டு வைப்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். கண்ணூறு படாமல் இருக்க. நான் அதைத்தான் செய்தேன். பிள்ளையார் கோவிலில் விபூதி எடுத்தேன். கொப்பியில் தாள் கிழித்து இரண்டு வரி எழுதினேன். வீட்டில் வெள்ளை நூல் இல்லை, தையல் பெட்டியில் கறுப்புத்தான் இருந்தது. போதாது என்று தோன்றியதால் ஒரு தேசிக்காயையும் சேர்த்துக் கட்டினேன். போட்டிக்கு முதல்நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, குளக்கரைப் பக்கத்துக் கோல் கம்பத்தடியில் தாட்டுவிட்டு வந்தேன். எப்போதும் நீங்கள் அந்தப் பக்கத்தைத்தான் காப்பீர்கள்.

பாதியில் பக்கம் மாறுவார்கள் என்று எனக்குத் தெரியாது, அண்ணை. கல்லூரியில் கேத்திர கணிதம் படித்தேன், இங்கிலாந்து அரசர்களின் பெயர் எல்லாம் பாடமாக்கினேன். இது தெரியாது. இரண்டு முறை வண்டிலுக்குள் இருந்து உங்கள் விளையாட்டைப் பார்த்திருந்தும், கூடாரத் தட்டி இடையால் உங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால், எந்தப் பக்கத்துக்கு எவர் என்று நான் கவனிக்கவே இல்லை.

அன்று முதல் பாதியில் உங்களை அடித்த அடி! முழங்கை விலாவில் விழுந்தது. ஒருவன் கணுக்காலில் மிதித்துவிட்டு, "என்ன தம்பி, நொந்ததோ?" என்று கேட்டான். நீங்கள் உதட்டு இரத்தத்தைத் துப்பிவிட்டு, "உம்மடை கால் நொந்திருக்கும், பாரும்," என்றீர்கள். சனம் சிரித்தது. வெறுங்காலோடு அவர்கள் மூன்று பேருக்கு நடுவால் பந்தை எடுத்து இரண்டு முறை முன்னால் தட்டிவிட்டீர்கள், இரண்டும் கோல். நான் வண்டிலுக்குள் கைதட்டினேன். என் பொட்டலம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் அயலூரின் கோல்காவலர் துரைராசா குளக்கரைப் பக்கம் வந்து நின்றார். நின்ற இடத்தை அடையாளம் வைக்கக் குதிக்காலால் மண்ணில் கோடு கீறினார். மண்ணோடு தேசிக்காய் வந்தது. கறுப்பு நூலில் தொங்கிய பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "செய்வினை! செய்வினை வைச்சு விளையாடுறாங்கள்! ரெண்டு கோல் எப்பிடிப் போச்செண்டு இப்ப தெரியுதோ!" என்று கத்தினார்.

நீங்கள் நடுவில் இருந்து ஓடிவந்தீர்கள். அவருடைய கையில் இருந்ததைப் பார்த்தீர்கள். அந்த ஒரு நொடி எனக்கு இப்போதும் தெரிகிறது. வண்டில் பக்கம் உங்கள் முகம் திரும்பியது. கொப்பித் தாளின் சிவப்புக் கோட்டையும், வெளிப்பக்கம் தெரிந்த என் பெயரின் பாதியையும் கண்டீர்கள் என்று பிறகுதான் விளங்கியது. பாய்ந்து பறித்தீர்கள். தேசிக்காய் நசுங்கியது.

"நான்தான் தாட்டனான். என்னைக் கேளுங்கோ," என்றீர்கள்.

மத்தியஸ்தர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. வேலியில் கிளுவைக் கதியால்களைப் பிடுங்கினார்கள். நாலு பேர் உங்களை நிலத்தில் போட்டு, "கையைத் திறடா, எவனின்ரை பேர் எழுதிக் கிடக்கெண்டு பார்ப்பம்," என்று வலக்கையில் மிதித்தார்கள். நீங்கள் திறக்கவில்லை. ஒருவன் கல் எடுத்தான். விரல் மடிப்பின் மேல் ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறை நீங்கள் கத்தியது மனிதக் குரல் போல இல்லை. அப்போதும் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தார் அதற்குள் கல்லெறியத் தொடங்கினார்கள். அதில் ஒரு கல் துரைராசாவின் இடது கண்ணில் பட்டது. அவர் யாரையும் அடிக்கவில்லை. கம்பத்தடியில் திகைத்துப்போய் நின்றுகொண்டிருந்தவர். முகத்தைப் பொத்திக்கொண்டு மெல்ல மெல்லக் குந்தினார். விரல் இடுக்கால் வழிந்தது இரத்தம் மட்டும் அல்ல.

மூன்றாம் நாள் ஊர் விதானையார் வந்து, கலகத்தைத் தொடக்கியவர் நீங்கள் என்று பொலிசு தேடுகிறது என்றார். ஐயா உங்களை அடிக்கவில்லை. அதுதான் பெரிய அடி. "செய்வினைக்காரன் என்ரை வீட்டிலை இருக்கக் கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். மாமா உங்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கப்பல் ஏற்றினார். படலையில் நின்று, கட்டுப் போட்ட கையால் என் தலையைத் தடவி, "நல்லாப் படி, பிள்ளை," என்றீர்கள். நான் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அவசரத்தில் ஏதோ ஊருக்காகப் பழியை ஏற்றுவிட்டீர்கள் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். நம்புவது சுகமாக இருந்தது.

மலாயாவிலிருந்து வந்த உங்கள் கடிதங்களை நான்தான் உரக்கப் படிப்பேன். அம்மாவுக்காக என்று பெயர். ஐயா கிணற்றடியில் ஏதோ செய்வதுபோல் நின்று கேட்பார். பெயருக்கு ஒரு கந்தோரில் கிளார்க்கு, மேசையும் உண்டு, ஆனால் பந்தடிக்கத்தான் சம்பளம் என்று எழுதியிருந்தீர்கள். ஐயா வாளியை நிலத்தில் வைத்தார். "என்னவாம்? பந்தடிக்கச் சம்பளமோ? திரும்பப் படி." மூன்று முறை படித்தேன். முதன்முதலில் பூட்ஸ் போட்டபோது குதிக்கால் தசை உரிந்து, சப்பாத்தைக் கத்தியால் வெட்டிப் போட்டுக்கொண்டதையும் எழுதினீர்கள். பட்டாளத்து அணியோடு விளையாடியபோது ஒரு சார்ஜன் விலா எலும்பை உடைத்தான், கட்டிக்கொண்டு மீதி அரை மணித்தியாலமும் நின்றேன் என்றும் எழுதினீர்கள். அதை அம்மாவுக்குப் படிக்காமல் தாண்டினேன். கிண்ணம் வென்ற வருடம் வந்த படத்தில் பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் நீங்கள் மட்டும் வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். அம்மா கேட்டார், "ஏன் தம்பி கையை ஒளிக்கிறான்?" நான் படத்தை வாங்கி உள்ளே வைத்தேன்.

ஐயாவைக் கொண்டுபோன கடைசி நோயில், பிரக்ஞை வந்து வந்து போகும்போது ஒன்றையே கேட்டார். "அவன் ஏன் அப்பிடிச் செய்தவன்? என்ரை பிள்ளைக்கு உந்தப் புத்தி எங்காலை வந்தது?" என் கை அவருடைய கைக்குள் இருந்தது. அப்போதுகூட நான் சொல்லவில்லை, அண்ணை. அவர் அந்தக் கேள்வியோடேயே போனார்.

உங்கள் நண்பர் சொன்ன மற்றதையும் எழுதுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். யப்பான்காரர் உங்கள் இருவரையும் சயாம் ரெயில் பாதைக்குக் கொண்டுபோனார்களாம். பாறை துளைக்க உளி பிடிக்கச் சொன்னார்களாம். உங்கள் விரல்கள் மடங்கவில்லை. உளி நழுவும்போதெல்லாம் மூங்கிலால் அடித்தார்களாம், நழுவாதபோதும் அடித்தார்களாம். ஒருநாள் அவர் அரிசி எடுத்ததற்கு அவரை இழுத்துப்போக வந்தபோது நீங்கள் நடுவில் போய் நின்றீர்களாம். "நடுவிலை நிண்டு பழகினவன்," என்று பிறகு சிரித்தீர்களாம், ஒரு பல்லும் இல்லாத வாயால். ஆற்றங்கரையில் ஆட்களை வெவ்வேறு லொறிகளில் பிரித்து ஏற்றியபோது உங்களுக்குக் காய்ச்சல். டின்னை அவருடைய மடியில் போட்டீர்கள்.

"சாகப் போறன் எண்டோ தந்தவர்?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. 'முதல் போறவன் கொண்டுபோ, நான் பேந்து வந்து வாங்கிறன்' எண்டவர்."

அவர் போனபின் பொட்டலத்தை உற்றுப் பார்த்தேன். நான் போட்டது தையல்காரியின் இரட்டை முடிச்சு. இதில் இருப்பது பூட்ஸ் கயிற்று முடிச்சு. நீங்கள் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறீர்கள். எட்டு வருடம் கடிதம் எழுதினீர்கள், ஒரு வரி இதைப்பற்றி இல்லை.

இன்று காலை என் மாமி குழந்தைக்கு நூல் கட்டக் கொண்டுவந்தார். மந்திரித்த கறுப்பு நூல். நான் அதைப் பறித்து அடுப்பில் போட்டேன். "படிச்ச திமிர்," என்றார். எனக்கு எந்தத் திமிரும் இல்லை. நான் நல்லதை நினைத்துக் கட்டும் எதுவும் யாரையாவது கொல்லும் என்ற பயம்தான்.

பிறகு குழந்தையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக பஸ் ஏறினேன். அந்த பஸ்ஸின் கொண்டக்டர் துரைராசா. எத்தனையோ நாள் அதில் போயிருக்கிறேன். ஒற்றைக் கண்ணால் என்னைக் கண்டதும் இடம் ஒதுக்கித் தருவார். "அண்ணையிட்டையிருந்து காயிதம் வந்ததோ, தங்கச்சி?" என்று கேட்பார். ஒருமுறை சொன்னார்: "உவர் செய்வினை இல்லாமலே எங்களை வெண்டிருப்பார். அப்பிடிப்பட்ட ஆள் ஏன் உந்தச் சின்ன வேலை பார்த்தவர்? கண் போனதைவிட உதுதான் எனக்கு விளங்கேல்லை."

இன்றும் கேட்டார். நான் சொல்லிவிட்டேன்.

"அது அண்ணை இல்லை. நான்தான் தாட்டது. அண்ணையின்ரை காலை முறிப்பினம் எண்டு பயந்து தாட்டனான். பாதியிலை பக்கம் மாறுறது எனக்குத் தெரியாது."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ, "கொண்டக்டர், ரிக்கற்!" என்று கத்தினார்கள். போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பக்கம் மாறுறது தெரியாதோ?" என்றார். சிரிப்புப்போல ஒன்று வந்தது. கை தானாக இடது கண்குழிக்குப் போனது. "அதுக்குள்ளை என்ன எழுதினனீர்?"

"அண்ணை வெல்ல வேணும். ஒருத்தருக்கும் அடிபடக் கூடாது."

சுன்னாகம் தாண்டும் வரைக்கும் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"உதை அவருக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"முதல் அங்கை சொல்லும். பேந்து என்னோடை கதைக்கலாம்."

இறங்கும்போது குழந்தையை வாங்கி இறக்கித் தந்தார்.

ஆகவே சொல்கிறேன், அண்ணை. நீங்கள் தாட்டதல்ல. நான் தாட்டது. உங்கள் விரல்களையும், அவருடைய கண்ணையும், ஐயாவின் கடைசி நாட்களையும் உடைத்தது என் இரண்டு வரி. உங்களுக்கு இது தெரியும் என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் என் வாயால் நீங்கள் கேட்கவில்லை. விடிந்ததும் அம்மாவுக்கும் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது இந்த முடிச்சு ஒன்றுதான். நான் அதை அவிழ்க்கவில்லை, அவிழ்க்கவும் மாட்டேன். வந்து வாங்குவதாகச் சொன்னவர் நீங்கள். ஒரு கண் இல்லாதவரும் நானும் மட்டும்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

குழந்தை முனகுகிறாள், போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தை உங்கள் பழைய கந்தோர் விலாசத்துக்கே அனுப்புகிறேன். எனக்கு வேறு விலாசம் தெரியாது. எழுத முடியாவிட்டால் இடக்கையால் ஒரு கோடு கீறி அனுப்பினாலும் போதும், அதை மாமாவிடம் காட்டுவேன். அமாவாசைக்குப் பதினேழு நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி